பம்பர் பளபளக்குது, பிரேக்கு பல்லிளிக்குது

போன ஞாயித்துக்கிழமை தென்காசியிலருந்து என் மச்சினன் வந்தான். வாசல்ல வண்டியை நிறுத்திட்டு ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சான். வெளிய வந்து பாக்கணுமாம். 2006 மாடல் பொலிரோ. முன்னால ரெட்டைக் குழாய் வச்ச கிரோம் கம்பி, மேல ஒரு முழ நீளத்துக்கு எல்.ஈ.டி. பட்டை, நாலு பக்கமும் அகல டயரு, பின்னால மண்டையோடு ஸ்டிக்கர். அம்மன் கொடைக்குச் சப்பரம் ஜோடிச்ச மாதிரி நின்னுச்சு.

"எப்படி அத்தான் இருக்கு? எழுவத்தஞ்சாயிரம் செலவு. ஃபுல் அப்கிரேடு!"

நான் ஒரு சுத்து சுத்தி வந்தேன். "நல்லாருக்கு மாப்ளே. பிரேக் ஆயில் எப்ப மாத்தின?"

"பிரேக் ஆயிலா? அது குறைஞ்சா ஊத்துவாங்கள்லா, மாத்தவா செய்வாங்க?"

அந்த நிமிசமே இந்தப் பதிவு எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன். மச்சினன் படிப்பான்னு தெரியும். படிக்கட்டும். ஊருக்குள்ள அவனை மாதிரி முந்நூறு பேரு இருக்கான். பதிவு எழுதுற நம்ம மக்கள்லயும் நாலஞ்சு பேர் பழைய வண்டியை வாங்கி 'ஜோடிச்சு' படம் போட்டுக்கிட்டு இருக்கீங்க. அவங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். பழைய வண்டியில நீங்க அப்கிரேடுன்னு பூட்டுறதுல முக்கால்வாசி, வண்டியைத் திறந்து பாக்காம இருக்கிறதுக்கு நீங்க சொல்ற சாக்கு. வெளிய ஒண்ணு புதுசா மினுங்கினா உள்ள எல்லாம் சரியாயிட்டதா மனசு நம்பிருது. இப்படி நம்பினவன்ல முதல் ஆளு நான்தான்.

என் வண்டி 2004 பொலிரோ. 2523 சிசி, கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் இல்லாத பழைய டீசல் எஞ்சின். 2012-ல செகண்ட் ஹேண்டா வாங்கினேன். வாங்கின கையோட நானும் கம்பி பூட்டினேன். நாலு ஃபாக் லைட்டு, சீட் கவரு, ஸ்பீக்கரு எல்லாம். போனட்டைத் திறக்கிறது தண்ணி ஊத்த மட்டும்தான்.

2016-ல புனலூர்ல ஒரு கல்யாணம். முடிச்சிட்டுத் திரும்புறோம். வண்டியில அம்மா, வீட்டம்மா, பிள்ளைங்க ரெண்டு, போதாக்குறைக்கு ஒரு குலை நேந்திரங்கா. தென்மலை, ஆரியங்காவு, கோட்டைவாசல் தாண்டியாச்சு. அதுக்கப்புறம் புளியரை வரைக்கும் இறக்கம். அந்த எஸ் வளைவு தெரியாத ஆளு நம்ம பக்கம் இருக்க முடியாது. எனக்கு முன்னால ஒரு பார லாரி, இறக்கம் முழுக்க அதுக்குப் பின்னாலயே பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வாரேன். கியரைக் குறைக்கணும்கிற அறிவு கிடையாது. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால மிதிச்சேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. இன்னொரு மிதி. தரையைத் தொட்டுட்டு.

எப்படி நின்னுச்சுன்னா, ரெண்டாம் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பெடலை மாத்தி மாத்தி அடிச்சு, லாரிக்கு ரெண்டு முழம் பின்னால. அம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல. "ஏம்ல இப்படிக் குலுக்குத?" ன்னாங்க. எனக்குச் சட்டை முழுக்க வேர்வை. முன்னால கிரோம் கம்பி வெயில்ல சும்மா ஜொலிக்குது!

அரை மணி நேரம் ஓரமா நிறுத்திட்டு மறுபடி மிதிச்சா, பெடல் கல்லு மாதிரி இருக்கு. பேய் புடிச்ச வண்டின்னு நினைச்சேன்.

மறுநாள் திருநெல்வேலியில ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், முன்னாடி காலிப்பர் ரெண்டு, பின்னாடி வீல் சிலிண்டர் ரெண்டு, எல்லாத்தையும் மொத்தமா மாத்தணும்னு எழுதிக் கொடுத்தாங்க. எவ்வளவுன்னு பாத்துட்டு மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டேன். ஊர்ல ஒரு சித்தப்பா உண்டு, அரசு பஸ் டிப்போவுல பிரேக் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட சீட்டைக் காட்டினேன். சீட்டை வாங்கவே இல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சூடு ஆறின பொறவு பெடல் கெட்டியாயிட்டுன்னியே, அப்ப சிலிண்டர் எப்படிலே கெட்டிருக்கும்? ஆயில் கெட்டிருக்குவே. டப்பாவத் தொறந்து பாரு."

திறந்தேன். புதுசா இருந்தா தேன் மாதிரி தெளிவா இருக்க வேண்டிய ஆயிலு, பழைய காப்பித்தண்ணி கலர்ல கிடக்கு.

விஷயம் என்னன்னா, பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். மூடி எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக்கூடக் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரிக்குக் கீழ கொதிக்கக் கூடாதுன்னு தரக்கணக்கு. அதுல 3.7 சதவீதம் தண்ணி ஏறினா 140 டிகிரி தாங்கினாப் போதும்னு அதே கணக்கு சொல்லுது. டாட் 4-க்கு இது 230, 155. இறக்கத்துல விடாம மிதிச்சா காலிப்பர் அந்தச் சூட்டுக்குப் போயிரும். ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம்ம கால்ல இருக்கிற பலமெல்லாம் அந்த ஆவியை அமுக்குறதுலயே போயிரும், சக்கரத்துக்குப் போகாது. ஆறினா ஆவி மறுபடி திரவம், பெடலும் கல்லு. பேயும் இல்ல பிசாசும் இல்ல.

அடுத்த ஞாயிறு நானே இறங்கினேன். சித்தப்பா திண்ணையில உக்காந்து மேற்பார்வை. முதல் சட்டம்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகக் கூடாது. சேஸிஸுக்குக் கீழ கனமான மரமுட்டு குடுத்து, மத்த சக்கரத்துக்குக் கல்லு வச்சு, வண்டியைத் தள்ளி ஆட்டிப் பாத்துட்டுத்தான் படுக்கணும். இதுல மட்டும் சித்தப்பா சிரிக்கவே மாட்டார். அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துல இருக்கிற சக்கரத்துலருந்து ஆரம்பம். வலது கை ஸ்டீயரிங் வண்டிக்குப் பின்னால இடது, பின்னால வலது, முன்னால இடது, கடைசியா முன்னால வலது. நிப்பிள்ல ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, மறு முனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊத்தின பாட்டிலுக்குள்ள விட்டாச்சு. ஒன்பதாங்கிளாஸ் படிச்ச என் மக டிரைவர் சீட்டுல.

"அமுக்கு தாயி... அப்படியே பிடிச்சுக்கோ." நிப்பிளைத் திறக்கணும். கருப்பா வரும், கூடவே குமிழி. மூடணும். "இப்ப விடு."

திறந்திருக்கும்போது அவ காலை எடுத்துட்டா காத்து உள்ள போயிரும், திரும்ப முதல்லருந்து. மேல டப்பாவுல ஆயில் வத்த விட்டாலும் அதே கதை. ரெண்டு தப்பையும் செஞ்சோம். மூணாவது சக்கரத்துல நான் அவசரத்துல வாய் ஸ்பேனரைப் போட்டு முறுக்கி நிப்பிளையே முறிச்சேன். பாவூர்சத்திரம் லேத் பட்டறைக்குக் காலிப்பரைக் கழட்டித் தூக்கிட்டுப் போய், அவர் சூடு காட்டி முறிஞ்ச துண்டை எடுத்துக் குடுத்தார். "முந்தின நாளே ரெண்டு சொட்டு ஆயில் விட்டு ஊறப் போட்டு, ரிங் ஸ்பேனர் போட்டிருந்தா முறியாது சார்" ன்னார். அந்த ஒரு வரிக்கே அவருக்குத் தனியாக் காசு குடுத்திருக்கணும்.

சாயங்காலம் ராமநதி அணைப் பக்கம் ஆளில்லா ரோட்டுல ஓட்டி ஓட்டி மிதிச்சுப் பாத்தேன். நின்னுச்சு. செலவு? ரெண்டு பாட்டில் ஆயில், ஒரு நிப்பிள், லேத் கூலி. எல்லாம் சேத்து நான் பூட்டியிருந்த கம்பியோட விலையில பத்துல ஒரு பங்கு வராது.

இப்பக் கம்பிக்கு வருவோம். 2017 டிசம்பர்லயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கம்பிகளை நீக்க நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியாச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிச்சு. அதே வருசத் திருத்தத்துல, மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில்னு போட்டாங்க. சட்டத்தை விடுங்க. கம்பி எங்க பூட்டியிருக்கு? நேரா சேஸிஸ்ல. மோதினா அந்த அடி பம்பர்ல நசுங்கித் தணியாம உள்ள வரும். வெளிய நிக்கிறவனுக்கு இன்னும் மோசம். நம்ம ஊரு ரோட்டுல குறுக்க வாரது யாரு? பள்ளிக்கூடப் பிள்ளைங்க, ஆட்டுக்குட்டி, சைக்கிள்ல வார பெரியவர். அவங்க நெஞ்சு உயரத்துல ஒரு இரும்புக் குழாயை நீட்டிக்கிட்டுப் போறதுக்குப் பேரு பாதுகாப்பா? நான் கழட்டி எடைக்குப் போட்டுட்டேன்.

அகல டயருக்கும் இதே பூசைதான். பொலிரோவுக்கு 215/75 ஆர் 15. மச்சினன் போட்டிருக்கிறது 235/75. விட்டம் 4 சதவீதத்துக்கு மேல கூடுது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல ஓடும். ஸ்டீயரிங் கனம், வீல் பேரிங்குக்குப் பாரம், பெரிய சக்கரத்தை நிறுத்த அதே சின்ன பிரேக்கு. அந்த பிரேக்குல ஆயில் மாத்தாத அப்கிரேடு. என்ன கொடுமை மாப்ளே இது!

"லைட்டு மட்டும் வேணும்லா அத்தான், நம்ம ரோட்டுல இருட்டு" ன்னான். நியாயம். கடையம் தாண்டி மலையடிவாரம் போனா அமாவாசையே வேண்டாம், எல்லா ராத்திரியும் இருட்டுதான். ஆனா அவன் லைட்டு ஏன் மங்கலா இருக்குன்னு அவன் பாக்கவே இல்ல. இருவது வருசத்து ஒயரு, துருப்பிடிச்ச எர்த்து, கரிஞ்ச சுவிட்சு. பேட்டரியில இருக்கிற வோல்ட்டேஜ் பல்புக்கு வந்து சேரும்போது குறைஞ்சிருது. ஹாலஜன் பல்புல வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிரும். இது தெரியாமத்தான் 100 வாட் பல்பைப் போட்டு ஹோல்டரை உருக்குறான். இல்லன்னா ஹாலஜனுக்காகச் செஞ்ச கிண்ணத்துல எல்.ஈ.டி.யைச் சொருகி, எதுத்தாப்புல வாரவன் கண்ணைக் குருடாக்குறான். நான் செஞ்சது ரெண்டு ரிலே, ஒரு ஃபியூஸ், பேட்டரியிலருந்து நேரா கொஞ்சம் கனத்த ஒயரு, எர்த்து போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மறுபடி முறுக்கினது. பல்பு கம்பெனி போட்ட அதே 60/55 வாட். ஒரு மத்தியான வேலை. அன்னிக்கு ராத்திரி வீட்டம்மா, "புது லைட்டா?" ன்னாங்க. என்னைக் கேட்டா இதுதான் அப்கிரேடு. வெளியிலருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, அதனால படம் போட முடியாது. உங்களுக்கு அதானே வருத்தம்?

மெக்கானிக் அண்ணாச்சிமார் கோவப்படக் கூடாது. உங்கள்ல நல்லவங்க இல்லாம என் வண்டி ஓடாது. ஆனா ஒரு பாவத்தைச் சொல்லித்தான் ஆகணும். வண்டி சூடாகுதுன்னு போனா தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூர எறியுறீங்க. "நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையில்ல சார்." யாரு சொன்னா? எண்பது டிகிரி வாக்குல திறந்து, எஞ்சினைச் சரியான சூட்டுல வைக்கிறதுதான் அதோட வேலை. அதை எடுத்தா காலையில எஞ்சின் சூடேற நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும், தேய்மானம் கூடும். சூடானதுக்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு வெளிய அப்பின மண்ணு, உள்ள போர் தண்ணி ஊத்தி ஊத்திப் படிஞ்ச உப்பு, இல்ல தொளதொளன்னு தொங்குற ஃபேன் பெல்ட். காய்ச்சல்னு வந்தவனுக்குத் தெர்மாமீட்டரை உடைச்சு வைத்தியம் பண்ணலாமா? பழைய தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ல போட்டு வீட்டு அடுப்புலயே சோதிக்கலாம். சூடேற ஏறத் திறந்தா நல்லது, திறக்காட்டி புதுசு. (அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு வச்சிராதீங்க. எங்க வீட்டுல அதுக்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்ல.)

இன்னொரு பக்கம் பாருங்க. நாம திறந்து பாக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க பெரிய இடத்துலயும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிகளுக்குச் சேத்து 2,544 கோடி ரூபா அபராதம் போட்டது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? உதிரிபாகம், கோளாறு பாக்கிற கருவி, ரிப்பேர் விவரம் இதையெல்லாம் வெளி ஒர்க்‌ஷாப்புக்குக் கிடைக்காமப் பண்ணினதுதான் குத்தம். 2011-ல ஒரு தனி ஆளு குடுத்த புகார்ல ஆரம்பிச்ச கேஸ் அது. அப்புறம் அப்பீலு, கோர்ட்டுன்னு போச்சு. 2022-ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு குழு போட்டு, விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான் கூட மோட்டார் வண்டியையும் அதுல சேத்தாங்க. உரிமை காகிதத்துல வரட்டும், வேண்டாங்கல. கையில ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவன் இல்லாத ஊர்ல அந்த உரிமையை யாரு கொண்டாடப் போறா?

ஜி.டி. நாயுடு கதை நமக்கெல்லாம் பாடம் மாதிரி சொல்லுவாங்க. வெள்ளைக்கார அதிகாரி வச்சிருந்த மோட்டார் சைக்கிளைப் பாத்து ஆசைப்பட்டு, கோயமுத்தூர்ல ஓட்டல் வேலை பாத்துக் காசு சேத்து, அதை வாங்கி, முதல் வேலையாப் பிரிச்சுப் போட்டார். அப்புறம் 1920-ல பொள்ளாச்சி பழனி ரூட்ல ஒத்த பஸ். இன்னிக்கு அப்படி ஒருத்தன் வாங்கின வண்டியைப் பிரிச்சா, "வாரண்டி போயிருமேல்லே, மூதி" ன்னு வீட்டுலயே அடி விழும்.

எதிர்க்கேள்வி வரும்னு தெரியும். பழைய டீசல் வண்டி புகை கக்குமே, அதை ஏன் கட்டி அழுத? சரிதான். பாரத் ஸ்டேஜ் ஆறு வண்டியோட என் 2004 வண்டி புகையில போட்டி போட முடியாது, ஒத்துக்கிடுதேன். ஆனா அளந்து பாத்துட்டு வெளிய தள்ளுங்க, பிறந்த வருசத்தைப் பாத்துத் தள்ளாதீங்க. புகைச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு, என் வயசு வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு எல்லை. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் பண்ணி, தேவைப்பட்டா மாத்தி, இன்ஜெக்டரைத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்துச் சரிபாத்தாலே புகை குறையுது. கவனிக்காத எட்டு வருச வண்டி கருப்பாக் கக்கிட்டுப் போறதை நெல்லை ரோட்டுல தினமும் பாக்கலாம். டெல்லியில 2025 ஜூலை ஒண்ணாந்தேதி, வயசான வண்டிக்கு டீசல், பெட்ரோல் கிடையாதுன்னு ஆரம்பிச்சு, சில நாள்லயே நிறுத்தி வச்சாங்க. வயசை மட்டும் வச்சுத் தீர்ப்பு எழுதினா அப்படித்தான். ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தைப் பாருங்க. 2019-ல நான் கட்டினது 600. 2022 ஏப்ரல்லருந்து 5,000 ஆக்கினாங்க, 2024-ல கட்டினேன். 2025 ஆகஸ்ட்ல, 20 வருசம் தாண்டின காருக்கு 10,000. 2029-ல நான் கட்டப் போறது அது. வண்டியைப் பொத்திப் பொத்திப் பாத்தவனுக்கும் பாக்காதவனுக்கும் ஒரே கட்டணம்.

இன்னொரு கேள்வி, கஞ்சத்தனம். வீட்டுலயே கேட்டாச்சு. இருக்கட்டும், மறைக்கல. ஆனா எல்லாத்தையும் நானே செய்யுதேன்னு சொல்லல. டீசல் பம்ப், இன்ஜெக்டர், முன்னாடி காயில் ஸ்பிரிங், வீல் அலைன்மென்ட் இதுல கை வைக்க மாட்டேன். அந்த ஸ்பிரிங் தப்பிச்சா கை போயிரும். ஆனா அந்த வேலைக்குப் போகும்போதும், ரெண்டு வருசம் அடியில படுத்துப் பாத்தவன்கிட்ட யாரும் "முழு செட்டும் போச்சு சார்" ன்னு சட்டுனு சொல்றதில்ல. எது போச்சுன்னு காட்டச் சொல்லிக் கேப்பான்னு தெரியும்.

பாரதி 1918-லருந்து 20 வரைக்கும் எங்க ஊர்ல இருந்தார்னு வெளியூர்க்காரங்ககிட்ட பெருமையடிக்காத கடையத்துக்காரன் கிடையாது, நானும் அடிச்சிட்டேன். இந்த மண்ணுல வாய்க்குப் பஞ்சமில்ல. கைக்குத்தான் பஞ்சம் வந்துட்டு. சித்தப்பா மாதிரி பெடலோட கதையைக் கேட்டே வியாதியைச் சொல்ற ஆளு எங்க தெருவுல இப்ப யாரும் இல்ல. அவரும் போன வருசம் போய்ச் சேந்துட்டார். அவரோட ஸ்பேனர் பெட்டியை எடைக்குப் போட இருந்தாங்க. ஓடிப் போய் வாங்கிட்டு வந்தேன்.

மச்சினன்கிட்ட டப்பாவைத் திறந்து காட்டினேன். அதே காப்பித்தண்ணி. எழுவத்தஞ்சாயிரத்துப் பொலிரோவை எடுத்துக்கிட்டு அவன் பொண்டாட்டி பிள்ளையோட அடுத்த மாசம் ஆரியங்காவு போறானாம். கொஞ்ச நேரம் டப்பாவையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் மெதுவா, "எத்தனை மணிக்கு வரணும் அத்தான்?" ன்னான்.

பி.கு: வாற ஞாயிறு காலையில ஆறு மணி. டாட் 4 ரெண்டு பாட்டில் வாங்கியாச்சு, நிப்பிள் நாலுலயும் சனிக்கிழமையே ஆயில் விட்டு ஊறப் போடணும். பெடல் மிதிக்கிற என் மக இப்ப சென்னையில வேலையில இருக்கா. அதனால மிதிக்கப் போறது மச்சினன். சொல்லாம காலை எடுத்தான்னா பெரியவன் சின்னவன்னு பாக்க மாட்டேன்.